நூற்றைம்பது எழுத்துகளுக்குள்

கல்லூரி கேட்டிருக்கிறது:
இணையத்தளத்தில் ஆங்கிலம் படிப்பது
உங்களுக்கு எப்படி இருக்கிறது?
ஐந்து வட்டங்கள். ஒன்றைத் தொடவேண்டும்.
இடது கரையில் 'முற்றிலும் ஒத்துக்கொள்கிறேன்',
வலது கரையில் 'முற்றிலும் மறுக்கிறேன்',
நடுவில் ஒன்று,
மழைக்குக் கடைவாசலில் ஒதுங்கி நிற்கிற ஆளைப்போல
எந்தப் பக்கமும் சேராமல்.

முதல் கேள்வி: பயன்படுத்த எளிதா?

எளிதுதான்.
லூட்டனில், இறைச்சிக்கடைக்கு மேலே ஒற்றை அறை.
இரவெல்லாம் விமானங்களின் வயிற்றில் பெட்டி அடுக்கிவிட்டு
நிமல்ராஜ் விடியத்தான் வந்து விழுவார்.
ஆகவே குளியலறைதான் என் வகுப்பறை,
கழிவறை மூடி கதிரை.
விளக்கைப் போட்டால் காற்றாடியும் சேர்ந்து சுற்றும்.
இரண்டுக்கும் ஒரே சுவிட்ச்.
வெளிச்சத்தில் கதைத்தால் மெஷினுக்குக் கேட்காது,
இருட்டில் கதைத்தால் கேட்கும்.

இருட்டில் கதைத்தேன்.
'இன்னும் சத்தமாக' என்றது திரை.
சத்தமாகச் சொன்னால் அவர் எழும்புவார்.
மேற்கு என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தேன்,
உள்பனியன் என்று எழுதிக்கொண்டது.
ஒரேயொரு 'வ'வை வைத்துக்கொண்டு
இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவள் நான்.
திரும்பச் சொன்னேன். உள்பனியன்.
திரும்பவும்.
அந்த நேரம் கூரைக்கு மேலால் ஒரு விமானம் போனது.
'பிரமாதம்!' என்று பச்சை நட்சத்திரம் விழுந்தது,
விமானத்துக்கு.

சக மாணவரோடு பழக உதவியதா என்றும் கேட்கிறார்கள்.

செம்ஹாரின் திரைச்சீலை எனக்குத் தெரியும்,
மஞ்சள், ஓரத்தில் ஒரு கிழிசல்.
பஸ்ஸிலும் பிரசவ வார்டிலும்கூட விடாமல்
நானூற்றுப் பன்னிரண்டு நாள் பயிற்சி செய்தவள்.
அந்த எண்ணிக்கை அறுந்த அன்று
கமெராவை அணைத்துவிட்டு அழுதாள்.
அழுவது மட்டும் கேட்டது. மைக்கை மறந்துபோனாள்.
கொஸ்டெலின் பயிற்சிகளை அவருடைய ஒன்பது வயது மகள் செய்கிறாள்,
கொஸ்டெல் இப்போது அடுத்த நிலைக்கு உயர்ந்துவிட்டார்.
'என் கடைக் கதிரையில் இருக்கிறவன்
நூலகம் எங்கே என்று ஒருநாளும் கேட்டதில்லை,
காதுக்கு மேலே எவ்வளவு குறைக்க என்பதைத்தான்
எனக்குச் சொல்லித் தரவேண்டும்'
என்றார் முடிவெட்டும் ரெப்வார்.
மிஸ் பிரிட்சார்ட் சிரித்தா.
அவவுடைய சிரிப்பு அரை நொடி பிந்தி வந்தது,
வாய் மூடிய பிறகு.

தேர்வுக்காகத்தான் முதன்முதலில் எல்லோரும் நேரில் கூடினோம்.
செம்ஹார் இவ்வளவு உயரமா!
அண்ணாந்து பார்த்து
வணக்கம் சொல்ல மறந்தேன்.

துணிச்சல் வந்ததா?

வைத்தியரின் வரவேற்பு மேசையில்
போன கிழமை முழு வாக்கியம் சொன்னேன்,
பிழையில்லாமல், குளியலறைக் குரலில்.
எனக்கு வேறு ஆங்கிலக் குரல் கிடையாது.
அந்தப் பெண் கதிரையை முன்னால் இழுத்து
முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து
அவளும் கிசுகிசுத்தாள்.
வெறும் இருமல் மருந்துக்கு
நாங்கள் இரண்டுபேரும் சதிகாரரைப்போல.

கடைசியில் ஒரு பெட்டி.
உங்கள் மொழியிலும் எழுதலாம் என்றிருக்கிறது.
நூற்றைம்பது எழுத்து.
நான் ஒன்றென்று நினைக்கிற எழுத்தை
அது இரண்டாக எண்ணுகிறது.
கொம்புக்கும் காசு, விசிறிக்கும் காசு,
மெய்யின் தலையில் இருக்கிற புள்ளிக்கும் தனிக் காசு.
ஆங்கிலத்தில் ஆளுக்குப் பக்கத்திலேயே தீர்ப்பு நிற்கும்.
எங்களுக்கோ கடைசிச் சொல்லில்தான்,
அதிலும் வால் பகுதியில்.

மிச்சம் பூச்சியம்.
உள்ளே கட்டில் கிரீச்சிட்டது.
அழித்து எழுத நேரமில்லை, அனுப்பிவிட்டேன்:

இருட்டில் படித்தேன்,
விமானத்துக்கும் நட்சத்திரம் கிடைத்தது,
வகுப்புக்கு வந்தால் நாலு பேர் முகம் நேராகத் தெரிகிறது,
ஆனாலும் இந்தத் தளம் எனக்குப் பிடிக்